எஃகு ஃபிரேமும் புதுப் பல்சக்கரமும்

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "பெரியப்பா ஓட்டிய பழைய ரேஸ் சைக்கிள் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. எஃகு ஃபிரேம். கியர் லீவர் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்கிறது. பின்னால் ஆறு பல்சக்கரங்கள். சும்மா சாத்தி வைக்க மனமில்லை, ஓட்ட வேண்டும். பழைய பாகங்களையே தேடிப் பிடித்துப் போடட்டுமா, இல்லை புதுசாக மாற்றிவிடட்டுமா?"

இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒரு திருகாணிகூட அந்தக் காலத்ததாகவே இருக்க வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் 1997 முதல் நடக்கும் எல்'எரோய்க்கா ஓட்டத்தில் அது விதியாகவே இருக்கிறது. பழைய ரேஸ் சைக்கிளாக இருக்க வேண்டும், கியர் லீவர் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும். அங்கே போகிறவர் அப்படியே செய்யட்டும். மறு சாரார், ஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் போடச் சொல்வார்கள்.

நான் இரண்டிலும் சேரவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கையில் எடுங்கள். இது என்ன வேலை செய்கிறது, அந்த வேலையில் இத்தனை ஆண்டுகளில் என்ன முன்னேற்றம் வந்தது என்று கேளுங்கள். பல இடங்களில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஓரிடத்தில் மட்டும் அற்புதமான ஒன்று வந்தது. எனக்கு அதைச் சொல்லத்தான் ஆசை. மற்றதை முதலில் விறுவிறுவென்று பார்த்துவிடலாம்.

ஃபிரேமிலிருந்து தொடங்குவோம். "பழைய எஃகு உழைத்து உழைத்துத் தளர்ந்துவிடும், ஃபிரேமில் உயிர் போய்விடும்" என்று சைக்கிள்காரர்களிடையே ஒரு பேச்சு தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதை நம்பாதீர்கள். ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதைச் சொல்லும் யங் குணகம் எஃகுக்குச் சுமார் 200 கிகாபாஸ்கல். ஓட்ட ஓட்ட அது குறைவதில்லை. 40 ஆண்டு ஓடிய ஃபிரேம், விரிசல் விழாத வரை, முதல் நாள் எவ்வளவு வளைந்ததோ அவ்வளவுதான் இன்றும் வளையும். ஒருவர் சொன்னதை அளந்து பார்க்காமல் இன்னொருவர் சொல்லிக்கொண்டே போனால், அதில் பொறியியல் சொற்கள் கலந்திருந்தாலும் அது மூடநம்பிக்கைதான். இந்தப் பேச்சை நம்பி நல்ல ஃபிரேம்களைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கிறது. குழாயில் ரெனால்ட்ஸ் 531 என்று ஒட்டியிருந்தால், அது 1935இல் வந்த மாங்கனீசு-மாலிப்டினம் கலந்த எஃகு. குழாயின் நடுப்பகுதி மெல்லியதாகவும், பற்றவைப்பு வரும் நுனிகள் தடித்தும் இருக்கும். எஃகின் உண்மையான எதிரி உள்ளிருந்து பிடிக்கும் துரு. சீட் கம்பத்தை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் இன்னொரு தலைமுறைக்கும் வரும்.

ஆனால் அலுமினியம் கதை வேறு. உலோகத்தின் மீது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கினால், ஒரே தடவையில் உடைக்கப் போதாத சுமைகூட நாளடைவில் விரிசலை உண்டாக்கும். எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. சுமை அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை கோடித் தடவை ஏறி இறங்கினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சுமை சிறியதாக இருந்தாலும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 4,800 தடவை, பெடலைத் தாங்கும் ஒரு கிராங்க் மீது சுமை ஏறி இறங்குகிறது. 2,000 மணி நேரம் ஓட்டினால் 96 லட்சம்.

அதனால் ஹேண்டில்பார், அதைப் பிடிக்கும் ஸ்டெம், கிராங்க் மூன்றிலும் நான் பழசை நம்புவதில்லை. என்னுடைய பழைய சைக்கிளில் மூன்று வாரமாக ஏற்றத்தில் மட்டும் 'கிறீச்' என்று ஒரு சத்தம். பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்தேன், சீட்டைக் கழற்றி வைத்தேன், போகவில்லை. கடைசியில் ஸ்டெம்மைத் தளர்த்தி ஹேண்டில்பாரை உருவியபோது, பிடிப்புக்கு அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. நகத்தால் தடவினால் நகம் சிக்கியது. பாதிச் சுற்றளவுக்கு வெடித்திருந்தது. அன்றைக்கே புது ஹேண்டில்பார் வாங்கினேன். கிராங்க் என்றால், சங்கிலிச் சக்கரத்தைத் தாங்கும் ஐந்து கைகளும் கிராங்கோடு சேரும் மூலைகளைத் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் அங்கேதான் தொடங்கும். பழைய தோற்றத்திலேயே வெள்ளி நிறத்தில் புது ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் இன்றும் செய்கிறார்கள். அழகு கெடாது.

பிரேக்கில் பழைய கருவியே இருக்கட்டும். பிரேக் கட்டையும் கேபிளும் மட்டும் கட்டாயம் புதுசாக வேண்டும். ரப்பர் காலத்தால் இறுகிப்போகும். முலாம் பூசிய எஃகு ரிம் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள், மழையில் பிடிக்காது. 27 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 700சி போட்டால் விட்டம் 630 மில்லிமீட்டரிலிருந்து 622 ஆகும். பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும், பிரேக்கின் கைக்கு அந்த நீளம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பின் சக்கரம். பழைய ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றியிருக்கும் உருளையில், பல்சக்கரங்களைத் தாங்கும் ஃப்ரீவீல் தனியாக மரையில் ஏறி உட்காரும். வலப்பக்கத்து பேரிங் அதற்கு உள்பக்கமாக இருப்பதால், அச்சின் வலது நுனி வெகுதூரம் ஆதாரமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். பல்சக்கரங்கள் கூடக் கூட அந்த நீட்டமும் கூடியது, அச்சுகள் வளைந்தன, உடைந்தன. 1978இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், ஃப்ரீவீலின் இயக்கத்தை ஹப்போடு சேர்த்து, பேரிங்கை வெளி ஓரத்துக்குக் கொண்டுபோனது. பல்சக்கரங்கள் கேசட் என்ற தொகுப்பாக அதன் மேல் செருகிக்கொள்ளும். இது நேர்மையான முன்னேற்றம்.

உங்கள் ஃபிரேமில் பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மில்லிமீட்டராக இருக்கும், புது ஹப் 130 கேட்கும். எஃகு ஃபிரேம் என்பதால் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் நிரந்தரமாகவே விரிக்கலாம். கொஞ்சம் வளைத்தால் வில்லாகத் திரும்பிவிடும். அந்த எல்லையைத் தாண்டி வளைத்தால்தான் நிற்கும், அதனால் அனுபவப்பட்ட கை வேண்டும். அலுமினிய, கார்பன் ஃபிரேமில் இதை நினைத்தே பார்க்கக் கூடாது.

சரி, இப்போது கியருக்கு வருவோம்.

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவிக்கு டிரெயிலியர் என்று பெயர். தடம் புரள வைப்பது என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். வேலையும் அதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் செயினை வேண்டுமென்றே தடம் புரளச் செய்து, பக்கத்துத் தடத்தில் ஏற்றிவிட வேண்டும்.

1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் காம்பன்யோலோ நிறுவனம் கொண்டுவந்த கிரான் ஸ்போர்ட் டிரெயிலியர், ஓர் இணைகர வடிவச் சட்டத்தால், செயினை வழிநடத்தும் மேல் உருளையைப் பக்கவாட்டில் நகர்த்தியது. திடமான கருவி. ஆனால் ஒரு குறை இருந்தது. பின் சக்கரத்தின் பல்சக்கரங்களைப் பக்கத்திலிருந்து பாருங்கள். பெரியது உள்ளே, சிறியது வெளியே, மொத்தத்தில் ஒரு கூம்பு. செயினின் ஒரு கண்ணிக்கு நீளம் 12.7 மில்லிமீட்டர் என்பதிலிருந்து கணக்கிட்டால், 28 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 57 மில்லிமீட்டர், 14 பல்லுக்குச் சுமார் 28. உருளை கிடைமட்டமாகவே நகர்ந்தால், பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உருளை, சிறிய சக்கரத்துக்கு வரும்போது வெகுதூரம் விலகிவிடும். நடுவில் பிடிமானமில்லாத செயின் நீளமாகிறது. உருளை 5 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் செயின் தன் போக்கில் மெல்ல வளைந்துகொள்ளுமே தவிர ஏறாது. இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும், ஏறியதும் கொஞ்சம் பின்வாங்க வேண்டும்.

1964இல் ஜப்பானின் மயேதா நிறுவனம், சன்டூர் என்ற பெயரில், அந்த இணைகரத்தைச் சாய்த்து வைத்தது. செய்தது அவ்வளவுதான். சாய்த்ததும் உருளை கூம்பின் சரிவை ஒட்டியே ஏறி இறங்கியது. எந்தப் பல்சக்கரத்திலும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. காப்புரிமை 1984இல் காலாவதியானது. பிறகு மற்ற நிறுவனங்களும் சாய்ந்த இணைகரத்துக்கே வந்தன. அதே 1984இல் ஷிமானோவின் டியூரா-ஏஸ் 7400 என்ற கியர் தொகுதி வந்தது. லீவரில் 'டக்' என்று ஒரு சொடுக்கு, ஒரு கியர்.

அந்தச் சொடுக்குக்குப் பின்னால் எத்தனை துல்லியம் வேண்டும் என்று பாருங்கள். எட்டுப் பல்சக்கரக் கேசட்டில் அடுத்தடுத்த சக்கரங்களின் நடுவே 4.8 மில்லிமீட்டர். கேபிள் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஷிமானோ டிரெயிலியர் 1.7 மில்லிமீட்டர் நகரும். ஆக ஒரு சொடுக்குக்குக் கேபிள் 2.8 மில்லிமீட்டர் நகர வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பழைய உராய்வு லீவரில் சொடுக்கு கிடையாது, இந்தக் கணக்கு எதுவும் இல்லை. சத்தத்தைக் கேட்டு, கை திருத்திக்கொள்ளும். அதனாலேயே அது எந்த நிறுவனத்தின் டிரெயிலியரோடும் ஒத்துப்போகும்.

இதுவரை சொன்னது செயினைத் தள்ளுவது பற்றி. எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்த கணம்தான், செயின் ஏறும் கணம்.

பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றி, லீவரை நகர்த்திப் பாருங்கள். செயின் உடனே தாவுவதில்லை. மேல்பகுதி இன்னும் சின்னச் சக்கரத்தில் மாட்டி இழுத்துக்கொண்டிருக்கும்போதே, கீழிருந்து வரும் பகுதி பெரிய சக்கரத்தில் ஏறத் தொடங்குகிறது. ஒரு சில கண்ணிகள் இரண்டுக்கும் நடுவே பாலம்போல் நிற்கும். அந்தக் கணத்தில் ஒரே செயின் இரண்டு சக்கரங்களிலும் இருக்கிறது.

இப்போது யோசியுங்கள். செயினின் நீளம் நம் இஷ்டப்படி மாறாது, கண்ணி கண்ணியாகத்தான் போகும். சின்னச் சக்கரத்தில் கடைசியாகப் பிடித்திருக்கும் பல்லுக்கும், பெரியதில் முதலில் பிடிக்கும் பல்லுக்கும் இடையே உள்ள தூரம் முழுக் கண்ணிகளாக அமைந்தால், இரண்டு பக்கமும் செயின் பள்ளத்தில் பாந்தமாக உட்காரும். நாலரைக் கண்ணி தூரம் என்றால்? ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறு பக்கம் பல்லின் நுனியில் ஏறி நிற்கும். கொஞ்ச தூரம் அப்படியே நடந்து, 'கடக்' என்று விழும். மிதிக்கும் விசை அதிகமாக இருந்தால் இன்னும் மோசமாகக் குதிக்கும். பழைய பல்சக்கரங்களில் எல்லாப் பல்லும் ஒரே மாதிரி. ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கும் இல்லை. செயின் எங்கே ஏறும் என்பது அந்தந்த நேரத்து அதிர்ஷ்டம். கியர் மாற்றும்போது மிதிப்பதைத் தளர்த்த வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது இதனால்தான்.

1980களின் இறுதியில் ஷிமானோ ஹைப்பர்கிளைடு என்ற பெயரில் இதற்குத் தீர்வு கொண்டுவந்தது. அடுத்தடுத்த இரண்டு சக்கரங்களின் பற்களை எடுத்துக்கொண்டு, பாலம் சரியாக முழுக் கண்ணிகளாக அமையும் கோணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தில் மட்டும் பெரிய சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு சரிவான பள்ளத்தைச் செதுக்கினார்கள். செயின் அதில் ஒதுங்கிப் போகும். பக்கத்துப் பற்களின் முனையையும் சீவிவிட்டார்கள். செயின் வேறெங்கும் தொற்றி ஏற முடியாமல் வழுக்கிக்கொண்டே வந்து, வாசல் வந்ததும் ஏறுகிறது. இழுவை ஒரு கணமும் விடுபடுவதில்லை, அதனால் மிதித்துக்கொண்டே மாற்றலாம்.

கேசட் உட்காரும் ஹப்பில் நீளவாக்கில் பள்ளங்கள் இருக்கும், அவற்றில் ஒன்று மட்டும் வேறு அகலம். எல்லாச் சக்கரமும் ஒரே ஒரு கோணத்தில்தான் செருக முடியும். முதல் தடவை இதைப் பார்த்தபோது, தப்பாக மாட்டிவிடாமல் இருக்கச் செய்த வசதி என்றுதான் நினைத்தேன். கணக்குப் புரிந்த பிறகு அந்த ஒற்றைப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வாசல்களும் வரிசையாக நிற்பது அதனால்தான்.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் நிறுவனங்களின் பட்டறையிலிருந்தே வருகின்றன என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சுழலும் சக்கரம் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும் விளைவு இல்லாமலேயே ஒரு மிதிவண்டி தானாக நிமிர்ந்து ஓட முடியும் என்று ஆய்வாளர்கள் செய்து காட்டிய கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வந்ததே 2011இல்தான். கோடிக்கணக்கானோர் தினமும் ஓட்டும் இயந்திரம் இது. கார் ஆராய்ச்சிக்குப் போகும் பொதுப்பணத்தில் ஒரு சிறு துளி இங்கே வரலாம்.

ஆக, வாசகருக்கு என் பதில். ஃபிரேம் இருக்கட்டும். கீழ்க்குழாய் லீவரும் இருக்கட்டும். அங்கே கேபிள் உறை மிகக் குறைவு, இழுத்தது இழுத்தபடி டிரெயிலியருக்குப் போய்ச் சேரும். டிரெயிலியர் சாய்ந்த இணைகரமாக இருந்தால் மாற்றத் தேவையில்லை. காம்பன்யோலோ நுவோ ரெக்கார்டு போன்ற பழைய வகை என்றால், 26 பல்லுக்கு மேற்பட்ட சக்கரத்தை எதிர்பார்க்காதீர்கள். மேடேறும் பாதை உங்களுடையது என்றால் முழங்காலுக்காக அதை மாற்றிவிடுங்கள். ஹப்பையும் எட்டுப் பல்சக்கரக் கேசட்டையும் செயினையும் புதுசாகப் போடுங்கள். ஹப்பை மாற்ற மனமில்லையா? வாசல் செதுக்கிய பற்களோடு மரையில் ஏறும் ஃப்ரீவீலும் கிடைக்கிறது, அதையாவது போடுங்கள். உராய்வு லீவரில் இந்தப் பற்கள் இன்னும் நன்றாக வேலை செய்யும். கை கொஞ்சம் தடுமாறினாலும் வாசல் செயினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மாட்டி முடித்ததும் ஒரு சாக்பீஸ் எடுத்து, சிறியதிலிருந்து இரண்டாவது பல்சக்கரத்தில் பள்ளம் செதுக்கிய இடங்களில் குறி வையுங்கள். ஒரு சுற்றில் சில இடங்களில்தான் இருக்கும். சக்கரத்தைத் தூக்கி, பெடலை மெல்லச் சுற்றி, லீவரை ஒரு விரலால் இழுங்கள். குறி கீழே, செயின் ஏறும் இடத்துக்கு வரும் வரை செயின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே காத்திருக்கும், வந்ததும் சத்தமில்லாமல் ஏறிவிடும். பத்துத் தடவை செய்தாலும் சாக்பீஸ் குறி இருக்கும் இடங்களிலேதான் ஏறும்.