கால் நேராயிடுச்சுன்னு ஷூவை கழட்டிடாதீங்க

வளைஞ்சு பொறந்த பாதத்தை சரி பண்ணி அனுப்பி, திரும்ப வளைஞ்சு வர்றதுல இந்த மாசத்துல இது மூணாவது குழந்தை. ரெண்டு வயசு ஆகுது, பொறந்த பத்தாம் நாளே கூட்டிட்டு வந்து வாரம் தவறாம ஆறு மாவுக்கட்டு போட்டு, குதிகாலுக்கு மேல இருக்கற தசைநாரை சின்னதா வெட்டி விட்டு, மூணு மாசத்துல பாதம் அவ்வளவு அழகா நேராகி போன குழந்தை. இன்னிக்கு திரும்ப உள்பக்கமா திருகிட்டு, பாதத்தோட வெளி ஓரத்துல ஊனி நடந்து வருது. ஏம்மா, நாங்க குடுத்த கம்பி வச்ச ஷூ போடலையான்னு கேட்டேன். "கால்தான் நேராயிடுச்சே டாக்டர், அழுவுறான்னு அவங்க பாட்டி கழட்டச் சொல்லிட்டாங்க"ன்னு சொல்லிட்டு அந்தம்மா தலையை குனிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு கோவம் வந்துச்சு, அப்புறம் அவங்க முகத்தை பாத்ததும் திட்டவும் மனசு வரல. அதனாலதான் இதை உக்காந்து எழுதுறேன்.

கிளப்ஃபுட், அதாவது பொறவியிலயே பாதம் உள்பக்கமா வளைஞ்சு இருக்கறது, கிட்டத்தட்ட ஆயிரம் குழந்தைல ஒண்ணுக்கு வரும். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, மாசமா இருக்கப்போ நீங்க கால் மேல கால் போட்டு உக்காந்ததாலயும் வரல, அந்த பேச்சை மாமியார் வீட்ல யாராவது எடுத்தா என்கிட்ட கூட்டிட்டு வாங்க நான் பேசிக்கறேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எல்லாரும் மாவுக்கட்டுதான் வைத்தியம், ஷூங்கறது சும்மா கூட ஒரு பாதுகாப்புக்குன்னு நினைச்சுக்கறாங்க. அப்படியே தலைகீழா புரிஞ்சுக்கிட்டிருக்கீங்க. மாவுக்கட்டு அஞ்சாறு வாரம், தசைநார் வெட்டினப்புறம் போடற கடைசி கட்டு மூணு வாரம், அது எங்க வேலை, அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் நாலு, அஞ்சு வயசு வரைக்கும் ராத்திரி ராத்திரி ரெண்டு ஷூவையும் ஒரு கம்பில இணைச்ச அந்த ஷூவை மாட்டறதுதான் மிச்ச வைத்தியம், அது முழுக்க உங்க வேலை. பாதத்தை வளைச்ச அந்த இழுப்பு குழந்தை வளர்ற வரைக்கும் உள்ளயே இருக்கு, நீங்க பாக்கறப்போ நேரா இருக்கறதால அது போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. நேரா இருக்கறதே ஷூ போடறதாலதான். பொன்செட்டி முறைன்னு சொல்ற இந்த வைத்தியத்துக்கான கையேட்டுலயே கணக்கு போட்டிருக்காங்க, சொன்னபடி ஷூ போட்ட குடும்பங்கள்ல 6 சதவீதம் பேருக்குத்தான் திரும்ப வளையுது, போடாத குடும்பங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல. இவ்வளவு வித்தியாசம் கத்தியால இல்ல, மாத்திரையால இல்ல, வெறும் தினமும் மாட்டறதால.

இந்த முறையை கண்டுபிடிச்ச டாக்டர் பொன்செட்டி ஸ்பெயின்ல 1914ல பொறந்தவர், அமெரிக்காவுல ஐயோவா யுனிவர்சிட்டில வேலை பாத்தவர். 1940கள் கடைசியிலயே கட்டு போட்டு சரி பண்ண ஆரம்பிச்சிட்டார், 1963ல கட்டுரையும் எழுதிட்டார். பெருசா யாரும் கண்டுக்கல, எல்லாரும் பெரிய ஆபரேஷன்தான் பண்ணிட்டு இருந்தாங்க, அந்த கால்களெல்லாம் வளர்ந்தப்புறம் விறைச்சுப் போய் வலின்னு வந்துச்சு. அவர் பாட்டுக்கு வர்ற குழந்தைகளுக்கு கட்டு போட்டுக்கிட்டே இருந்தார். 1990கள்ல அவர்கிட்ட வைத்தியம் பாத்த பெத்தவங்க இன்டர்நெட்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது, அப்ப அவருக்கு எண்பது வயசு தாண்டியாச்சு. 2009ல 95 வயசுல போய் சேர்ந்தார். நான் கட்டு போடறப்பல்லாம் அவரை நினைச்சுக்குவேன்.

சரி, ஷூ விஷயம். கடைசி கட்டு பிரிச்சப்புறம் முதல் மூணு மாசம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம், குளிப்பாட்ட மட்டும்தான் கழட்டணும். அதுக்கப்புறம் ராத்திரியும் பகல் தூக்கத்துக்கும், மொத்தம் 12லருந்து 14 மணி நேரம். ஒரு கால்தானே வளைஞ்சிருந்துச்சுன்னு ஒரு ஷூவை மட்டும் போடறது வேண்டாம், கம்பில ரெண்டு காலும் இருந்தாத்தான் அது வேலை செய்யும்.

முதல் ரெண்டு மூணு ராத்திரி அழும். கட்டாயம் அழும், வலியால இல்ல, காலை தனித்தனியா உதைக்க முடியலைங்கற எரிச்சல்ல. அந்த நேரத்துல கம்பியை புடிச்சு ரெண்டு காலையும் சேத்து மடக்கி நீட்டி விளையாட்டு காட்டுங்க, ரெண்டையும் ஒண்ணா உதைக்க பழகிடும். அழுதா கழட்டிடுவாங்கன்னு ஒரு தடவை தெரிஞ்சிடுச்சுன்னா அவ்வளவுதான், தினமும் அழும். பருத்தி சாக்ஸ் போடுங்க. குதிகால் ஷூவுக்குள்ள நல்லா கீழ உக்காந்திருக்கான்னு பாத்துட்டு நடு பட்டையை முதல்ல இறுக்குங்க. கொப்புளம் வந்தா ஷூ லூசா இருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் உள்ள குதிகால் வழுக்குது, உடனே கழட்டி மூலைல போடாம எங்ககிட்ட கொண்டு வந்து காட்டுங்க. சிவந்த இடத்துல எண்ணெய், லோஷன் எதுவும் தடவாதீங்க, தோல் இன்னும் இளகிடும். கால்விரல் ஷூ நுனியை தாண்டி வளைய ஆரம்பிச்சா அடுத்த சைஸ் வாங்கணும்.

இன்னொண்ணு, பாட்டி தாத்தாவையும் ஒரு தடவை ஓ.பி.க்கு கூட்டிட்டு வாங்க. பேரப்புள்ள அழுதா தாங்க முடியாமத்தான் கழட்டறாங்க, அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், ஆனா அவங்ககிட்ட யாரும் விளக்கி சொல்றதே இல்ல. தூரம், பஸ் காசு, ஒரு நாள் கூலி போறதுன்னு கஷ்டமும் எனக்கு தெரியும். மாவட்ட அரசு ஆஸ்பத்திரில குழந்தைகளுக்கான ஆர்.பி.எஸ்.கே திட்டத்துல இதுக்கு இலவசமா பாக்கறாங்க, கிளப்ஃபுட் அந்த பட்டியல்லயே இருக்கு, போய் கேளுங்க.

ஷூவை நிறுத்திட்டவங்க இதை படிச்சீங்கன்னா, பயந்துக்கிட்டு வராம மட்டும் இருக்காதீங்க. ரெண்டு மூணு மாவுக்கட்டு திரும்ப போட்டு மறுபடி ஷூவுக்கு வந்துடலாம், நிறைய குழந்தைக்கு இன்னும் அதுவே போதும். மூணு வயசுகிட்ட போயிடுச்சுன்னா சிலருக்கு தசைநாரை இடம் மாத்தி வைக்கற ஆபரேஷன் தேவைப்படும், அதுக்குள்ள வந்துடுங்க. பழைய சீட்டு தொலைஞ்சு போயிருந்தாலும் பரவாயில்ல, குழந்தையையும் அந்த ஷூவையும் எடுத்துட்டு வாங்க, யாரும் திட்ட மாட்டோம்.