குதிரையின் முன்காலுக்குள் 45 டிகிரி

பெங்களூரு அல்சூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரேஸ் குதிரைக்குக் காலைப் பயிற்சி முடிந்ததும் முன்கால்களில் ஐஸ் வைத்துக் கட்டுகிறார்களே, அடிபடாத காலுக்கு எதற்கு ஐஸ்?"

பதில் தசைநாணுக்குள் இருக்கிறது. ரேஸ் வட்டாரத்தில் டெண்டன் என்பார்கள். தசையை எலும்போடு இணைப்பது அது என்று பள்ளியில் படித்திருப்போம். குதிரையின் முன்காலில் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. எலும்பு, நாண், தோல், அவ்வளவுதான். 450 கிலோ உடம்பு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒரு கட்டத்தில் ஒற்றை முன்கால்தான் முழு எடையையும் தாங்கும். குளம்புக்கு மேலுள்ள மூட்டு தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கும். காலின் பின்புறம், தோலை ஒட்டி ஓடும் நாண் தன் நீளத்தில் 16 சதவீதம் வரை இழுபடும். 12 முதல் 20 சதவீதத்துக்குள் அது அறுந்தே போகலாம். வேகப் பாய்ச்சலில் ஒவ்வொரு அடியிலும் அந்த விளிம்புவரை போய்த்தான் திரும்புகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிதான். இழுபட்ட நாண் சுருங்கும்போது, வாங்கிய ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தந்துவிடும். குதிரை அவ்வளவு சிக்கனமாக ஓடுவது இதனால்தான். மிச்சமோ வெப்பமாகிறது. ஓசூர் நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நின்ற காரின் டயரைத் தொட்டுப் பாருங்கள். நசுங்கி நசுங்கி மீண்டதால் ஏறிய சூடு அது. நாணின் வெளிப்புறச் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். நடுப்பகுதிக்கு அந்த வசதியில்லை, ரத்த ஓட்டமும் குறைவு. 1994இல் வில்சன், குட்ஷிப் என்ற இரு ஆய்வாளர்கள் ஓடும் குதிரையின் நாணுக்குள் வெப்பத்தை அளந்தபோது நடுவில் 45 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது! நாண் செல்கள் அந்தச் சூட்டைப் பெரும்பாலும் தாங்கிவிடுகின்றன என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள புரத இழைகள் நாளாவட்டத்தில் நலிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் திரையிலும் காயம் பல நேரம் நாணின் நட்டநடுவில்தான் தெரியும்: வெண்மைக்கு நடுவே ஒரு கறுப்புப் பொட்டு.

ஓடும்போது ஏறிய சூட்டை ஐஸ் திரும்பப் பெற முடியாது. ஓடியபின் வரும் வீக்கத்தைத்தான் அடக்கும். காப்பாற்றுவது விரல்கள்தான். நல்ல குதிரைக்காரர் தினமும் காலைத் தூக்கி மடக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாணை மேலிருந்து கீழாக உருவிப் பார்ப்பார். ஒரு காலைவிட மறுகால் கொஞ்சம் சூடாக இருந்தாலோ, ஓரிடத்தில் குதிரை காலைச் சுண்டினாலோ, நொண்டாவிட்டாலும் அன்று வேக ஓட்டம் கூடாது.

குதிரை வாங்கும்போது சுழி பார்க்கும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. ரோமத்துச் சுழிக்கும் நாணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நேரத்தில் இரண்டு முன்கால்களையும் ஸ்கேன் எடுக்கலாம். மேலே சொன்ன அளவீடுகள் எல்லாம் வெளிநாட்டுக் குதிரைகளில் எடுத்தவை. ரேஸில் புரளும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி போன்ற இடங்களுக்குக் கொடுத்து, நம்மூர்த் தரையிலும் வெயிலிலும் அளக்கச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிழிந்த நாண் ஆற 9 முதல் 12 மாதமாகும். ஆறிய இடத்தில் வடுத் திசுதான் வளரும். பழைய நெகிழ்வு வராது. பக்கத்திலுள்ள நல்ல பகுதி கூடுதலாக இழுபட்டு, அடுத்த கிழிசல் அங்கே விழும். அதனால்தான் முதலில் நடை, பிறகு மெதுவோட்டம் என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் முன் ஸ்கேன் பார்க்கிறார்கள்.