சிஸ்டம் கிளாக்: முறைமைக் கடிகாரம்

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சின் கட்டளைத் திரையில் 'ஷோ கிளாக்' என்று தட்டினால் நேரமும் தேதியும் வரும். சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்சாக இருந்தால் சில சமயம் அந்த நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். இந்த நேரம் நம்பத்தக்கது அல்ல என்பதே அதற்குப் பொருள். நட்சத்திரத்துக்குப் பதில் ஒற்றைப் புள்ளி நின்றால், நேரம் நம்பத்தக்கதுதான், ஆனால் நேர சர்வரோடு ஒத்திசைவு இப்போது இல்லை என்று கொள்ள வேண்டும். குறி எதுவும் இல்லையென்றால் கவலையில்லை. தான் காட்டும் நேரத்தைத் தானே சந்தேகிக்கும் இந்தக் கடிகாரத்தின் பெயர்தான் 'சிஸ்டம் கிளாக்'.

இதற்கு முள்ளும் இல்லை, முகப்பும் இல்லை. சுவிட்சின் இயங்குதளம் நினைவகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு, அவ்வளவுதான். உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் சீராக அதிர்கிறது. அந்தத் துடிப்புகளை எண்ணி, ஒரு தொடக்க நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகிறது மென்பொருள். எண்ணுவதில் அதற்குப் பெரிய சிக்கல் இல்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதுதான் அதற்குத் தெரியாது. சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் சுவிட்ச்கள் பலவற்றில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய்த் திரும்பினால் அவை 1993 மார்ச் 1, நள்ளிரவிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். நேற்று ஒரு போர்ட் (கம்பி செருகும் வாய்) செயலிழந்திருக்கும். பதிவேட்டிலோ அது 1993இல் நடந்ததாக இருக்கும். பத்து சுவிட்ச்களின் பதிவுகளை அருகருகே வைத்து எது முதலில் விழுந்தது என்று தேடும்போது இது பெரிய தலைவலி. பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 1993இல் இருப்பதாக நினைக்கும் கருவிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதை அது ஏற்காது.

பேட்டரியோடு வரும் கருவிகளில் இன்னொரு கடிகாரமும் இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் ஓடுவது அது. வன்பொருள் கடிகாரம் என்று சொல்லலாம். சிஸ்கோ இதற்கு வைத்த பெயர் 'கேலண்டர்'. இதை நாட்காட்டி என்று மொழிபெயர்த்துவிட்டால் படிப்பவர் குழம்பிப்போவார். கருவி எழும்போது வன்பொருள் கடிகாரத்தைப் பார்த்து முறைமைக் கடிகாரம் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அப்புறம் இரண்டும் தனித்தனியே ஓடும், சிறிது சிறிதாக விலகவும் செய்யும்.

குழப்பம் இதோடு முடியவில்லை. ரூட்டர்களில் 'கிளாக் ரேட்' என்றொரு கட்டளை உண்டு. சீரியல் இணைப்பில் நொடிக்கு எத்தனை பிட் போக வேண்டும் என்று சொல்வது அது; மணி என்ன என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. செயலியின் 'கிளாக்' என்றாலும் துடிப்பின் வேகம்தான். இந்த இடங்களில் கடிகாரம் என்று எழுதாமல் துடிப்பு என்று எழுதுவதே நல்லது. 'கிளாக் ரேட்' என்பது துடிப்பு வீதம்.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். 'கிளாக்' என்பதன் மூலம் 'கிளாக்கா' என்ற இடைக்கால லத்தீன் சொல்; பொருள், மணி. ஜெர்மனில் 'குளோக்கே', பிரெஞ்சில் 'குளோஷ்' இரண்டும் இன்றைக்கும் அடிக்கிற மணியைத்தான் குறிக்கின்றன. முகப்பைப் பார்த்து நேரம் அறிவதற்கு முன்பு மணியோசை கேட்டே அறிந்தார்கள். தமிழும் இதே வழியில்தான் போயிருக்கிறது. நாம் 'மணி என்ன?' என்று கேட்கிறோம். ஓசை தரும் மணியே நேர அளவுக்கும் பெயராகிவிட்டது. இலங்கைத் தமிழில் கடிகாரத்துக்கு மணிக்கூடு என்றே பெயர்.

கடிகாரம் என்ற சொல்லுக்கு வேறு பரம்பரை. கடிகை என்றால் நாழிகை, அதாவது 24 நிமிடம். சமஸ்கிருதத்தில் அந்தச் சொல்லின் அடிப்பொருள் சிறு குடம். நீர்க்கலத்தை வைத்து நேரம் அளந்த காலத்தின் தடம் அது. தமிழில் அந்தக் கலத்துக்குக் கன்னல் என்றும் ஒரு பெயர் இருந்தது. (கரும்புக்கும் அதே பெயர்தான்.) முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனிடம் 'குறுநீர்க் கன்னல்' காட்டும் நேரத்தைச் சிலர் வந்து அறிவிக்கிறார்கள். பாட்டு அவர்களைப் 'பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள்' என்கிறது. பொய்யா என்ற அந்த அடைமொழி எனக்குப் பிடித்திருக்கிறது. நட்சத்திரக் குறி இல்லாத நேரம் என்றால் அதுதான்.

'சிஸ்டம்' என்பதற்குத்தான் தமிழில் சண்டை. அமைப்பு, முறைமை, ஒருங்கியம் எனப் பல சொற்கள் புழங்குகின்றன. 'அமைப்புக் கடிகாரம்' என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. கைபேசியில் 'அமைப்புகள்' என்றால் செட்டிங்ஸ். அந்தப் பழக்கத்தில் வாசிப்பவர் இதை ஏதோ அமைப்புப் பக்கத்துக் கடிகாரம் என்று எடுத்துக்கொள்வார். முறைமைக் கடிகாரம் என்பதில் அந்தத் தொல்லை இல்லை.

'அமைப்பு' என்ற சொல்லைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம். நாம் கடிகாரத்தை 'அமைப்பது' இல்லை. கடிகாரத்தில் நேரம் வைக்கிறோம். அலாரம் வைக்கிறோம், நேரம் வைக்கிறோம். சுவிட்சில் 'கிளாக் செட்' செய்வதும் அப்படித்தான். சிஸ்கோவில் அந்தக் கட்டளையை உள்ளமைவு (கான்ஃபிகரேஷன்) பகுதிக்குள் போய்க் கொடுக்க முடியாது. வெளியே, நிர்வாகிக்கான கட்டளை நிலையில்தான் கொடுக்க வேண்டும். மணி, நிமிடம், நொடி, நாள், மாதம், ஆண்டு என்று கொடுத்ததும் அந்தக் கணத்தில் நேரம் மாறும். சேமித்து வைக்கும் உள்ளமைவில் ஒரு வரிகூடச் சேராது. சேர்ந்தால் அபத்தமாகிவிடும்: அடுத்த மாதம் கருவி மீண்டும் எழும்போது, இன்றைக்கு வைத்த பழைய நேரத்தையே திரும்ப வைத்துக்கொள்ளும்.

'கிளாக் டைம்ஸோன்' அப்படியல்ல. யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து எத்தனை மணி, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பது நாளைக்கும் மாறாது; அது உள்ளமைவில் எழுதப்படும், அங்கேயே இருக்கும். ஆகவே நேரம் வைத்தல், நேர வலயம் அமைத்தல் என்று இரண்டு வினைகளையும் பிரித்து எழுதினால், எது சேமிக்கப்படும், எது படாது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலக் கையேடுகள் பல இரண்டுக்கும் 'செட்' என்று ஒரே வினையைப் போட்டு நகர்ந்துவிடும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டளை மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஹுவாவேயில் 'கிளாக் டேட்டைம்', ஜூனிபரில் 'செட் டேட்'. எதுவானாலும் தமிழில் நேரம் வைத்தல்தான். ஒன்று கவனிக்கலாம்: நேர வலயத்தை முதலில் அமைத்துவிட்டு அப்புறம் நேரம் வைப்பது நல்லது. வரிசை மாறினால் வைத்த நேரம் சில மணிகள் தள்ளிப்போய் நிற்கும்.

கையால் வைத்த நேரம் எப்படியும் நாளடைவில் விலகும். படிகத்தின் துடிப்பு வெப்பத்தோடு சற்றே மாறும். அதனால்தான் என்டிபி, அதாவது நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் நெறிமுறை. டேவிட் மில்ஸ் உருவாக்கிய இந்த நெறிமுறை 1985இல் ஆர்எஃப்சி 958 என்ற இணைய ஆவணமாக வெளிவந்தது. இப்போதைய நான்காம் பதிப்பு 2010இல், ஆர்எஃப்சி 5905. யூடிபி என்ற தரவு அனுப்பும் முறையில், 123ஆம் எண் போர்ட் வழியாக சுவிட்ச் நேரத்தைக் கேட்டுப் பெறும். இங்கே வினை மீண்டும் மாறுகிறது. வைத்தலும் இல்லை, அமைத்தலும் இல்லை, ஒத்திசைத்தல். சர்வரின் முகவரியை அமைப்பது மட்டும் நம் வேலை. ஒத்திசைப்பது கருவியின் வேலை.

என்டிபியில் வரும் 'ஸ்ட்ரேட்டம்' என்ற லத்தீன் சொல்லுக்கு அடுக்கு என்பது அப்படியே பொருந்தும். அணுக் கடிகாரம், ஜிபிஎஸ் போன்ற மூலங்கள் 0ஆம் அடுக்கு. அவற்றோடு நேரடியாக இணைந்த சர்வர் 1ஆம் அடுக்கு. அதனிடம் கேட்பது 2. இப்படி 15 வரை போகலாம். 16 என்று காட்டினால் ஒத்திசைவு இல்லை. சுவிட்ச் இப்போது யாரை நம்பி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமா, 'ஷோ கிளாக் டீட்டெயில்' என்று தட்டினால் போதும். நேரத்தின் மூலம் என்டிபியா, வன்பொருள் கடிகாரமா, யாரோ கையால் வைத்ததா என்று அது சொல்லிவிடும்.