பந்தயக் கொட்டிலுக்கும் தத்து வீட்டுக்கும் நடுவே: கிரேஹவுண்டின் இடைக்காலப் பராமரிப்பு

மெல்பர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய்களைப் பரிசோதிப்பது ஏறக்குறைய வாராந்தர வேலை. அவற்றைத் தத்தெடுக்க விரும்பி வருவோரில் இப்போது நம்மவர்களும் இருக்கிறார்கள். சிப்பிப்பாறை, கன்னி என்னும் நம்மூர் வேட்டைநாய்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த ஒடுங்கிய இடுப்பும் ஆழ்ந்த மார்பும் நீண்ட முகமும் உடனே பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் தத்துக்கு முன்னால் அந்த நாய் சில வாரங்கள் ஒரு வீட்டில் தங்கிப் பழகுகிறதே, அதைப் பற்றிக் கேட்டால், நல்ல இடம் அமையும்வரை நாயை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். தத்துப்போன நாய் நிலைத்துத் தங்குவதும், பத்தே நாளில் திரும்பி வருவதும், அந்தச் சில வாரங்களில் வீட்டார் எதைக் கவனித்தார்கள், கவனித்ததில் எதை மறைக்காமல் எழுதிக்கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைவதை நான் கண்டிருக்கிறேன்.

இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள முயலுக்குப் பதிலாக இயந்திரத்தில் ஓடும் போலி முயலைத் துரத்தவிடும் நவீனப் பந்தயத்தை 1919இல் கலிஃபோர்னியாவில் ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர் தொடங்கிவைத்தார். 1927இல் அது சிட்னிக்கு வந்தது. ஆஸ்திரேலியப் பந்தயத்தில் பொதுவாக எட்டு நாய்கள் ஓடும். முதல் பெட்டிக்குச் சிவப்பு, எட்டாவதற்கு இளஞ்சிவப்பு என்று பெட்டிக்கொரு நிறத்தில் மேலாடை கட்டியிருப்பார்கள். ஏறத்தாழ ஒன்றரை வயதில் ஓடத் தொடங்கும் நாய்க்கு நான்கு அல்லது ஐந்து வயதில் ஓட்டம் முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள்வரை வாழக்கூடிய பிராணி அது. மீதி ஆண்டுகள் எங்கே போயின என்ற கேள்வியைப் பொதுமக்கள் உரக்கக் கேட்கத் தொடங்கியது 2015 பிப்ரவரியில், பயிற்சிக்காக உயிருள்ள பிராணிகளை இரையாகக் கட்டிய கொடுமை ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் வெளியான பிறகுதான். நியூ சவுத் வேல்ஸில் அமைக்கப்பட்ட மைக்கேல் மெக்ஹ்யூ விசாரணை ஆணையம் 2016இல் அளித்த அறிக்கை, அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் குறைந்தது 48,891 நாய்களேனும் வேகம் போதவில்லை என்பதற்காகக் கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த மாநிலம் அறிவித்த தடை மூன்றே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. கான்பரா அமைந்துள்ள ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதி 2018இல் பந்தயத்தைத் தடைசெய்தது. நியூசிலாந்து அரசு பந்தயத்துக்கு முடிவுகட்டுவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. தடை வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு என்றாலும் இங்கே அதற்குள் போகவில்லை. ஒரு களம் மூடப்படும்போது அங்குள்ள நாய்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் வீடு தேட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கொட்டிலில் வளர்ந்த நாய்க்கு வீடு என்பது என்னவென்றே தெரியாது. இப்படி இடைக்காலப் பராமரிப்புக்காக எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது நாய் 27 கிலோ எடையுள்ள கறுப்புப் பெட்டை. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் என்பதால் என் மகள் அதற்குக் கரிசல் என்று பெயர் வைத்தாள். வந்த அன்று மாலையே பின்கட்டுக் கண்ணாடிக் கதவின் மீது நேராக நடந்து சென்று மூக்கை இடித்துக்கொண்டது. அது கண்ணாடியை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதன் கண்மட்டத்தில் காகித ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவைத்தோம். இரண்டு நாளில் புரிந்துகொண்டது. வழுவழுப்பான மரத்தரையில் கால் வைக்க அஞ்சி, கூடத்தின் நடுவே விரித்திருந்த கம்பளத்தைத் தீவாக எண்ணி அதைவிட்டு இறங்காமல் நின்றது. வீட்டிலிருந்த யோகாப் பாய்களையெல்லாம் சமையலறைவரை வழியாக விரிக்க வேண்டியதாயிற்று.

படிக்கட்டுதான் எல்லாவற்றிலும் கடினம். எங்கள் பின்வாசலில் மூன்றே படிகள். ஏறும்போது ஒருவர் பின்னால் நின்று அதன் தொடைகளைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் முன்கால்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த படியில் வைக்க வேண்டும். இறங்கும்போது மார்புக்குக் குறுக்கே கை கொடுத்து, அது பாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடல் முழுவதும் நடுங்கியது. என் உள்ளங்கையில் அதன் இதயம் அடிப்பது தெரிந்தது. இழுக்கவும் கூடாது, தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. தூக்கிப் பழக்கினால் ஒருபோதும் கற்றுக்கொள்ளாது. நான்காம் நாள் மூன்று படிகளையும் ஒரே தாவலில் தாண்டி விழப்பார்த்தது. ஏழாம் நாள் தானாக, ஒவ்வொரு படியாக, என்னைத் திரும்பிப் பார்த்தபடியே இறங்கியது. நான் குறிப்பேட்டில் எழுதியது: “மூன்று படி ஏறும், இறங்கும். நெடிய மாடிப்படி பார்த்ததில்லை.” மாடிவீட்டுக்காரர் ஒருவருக்கு அந்த இரண்டாவது வாக்கியம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

குழந்தைகள் உள்ள வீட்டார் உறக்கத்தைப் பற்றி அவசியம் அறிந்திருக்க வேண்டும். கொட்டிலில் தனித்தனி அறையில் உறங்கிய நாயை யாரும் தொட்டு எழுப்பியிருக்க மாட்டார்கள். சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்தபடியே ஆழ்ந்து உறங்கும். விழித்திருப்பதாக எண்ணி ஒரு குழந்தை போய்க் கட்டிக்கொண்டால், திடுக்கிட்டு எழும் நாய் உறுமலாம், கவ்வவும் செய்யலாம். அதைக் கெட்ட குணம் என்று சொல்ல முடியாது. இரவில் நம் தோளை முன்பின் தெரியாதவர் ஒருவர் பற்றினால் நாமும் கையை வீசத்தான் செய்வோம். எங்கள் வீட்டில் சட்டம் எளிது: படுக்கையில் இருக்கும் நாயிடம் யாரும் போவதில்லை, தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது எழுந்து வந்த பின்பே தடவ வேண்டும். கரிசல் முதல் வாரத்தில் இருமுறை உறுமியது. இரண்டு முறையும் யார், எவ்வளவு தொலைவில், என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதிவைத்தோம்.

பூனையையும் சிறு நாயையும் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கிரேஹவுண்ட், மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனம். ஓடும் எதையும் துரத்தவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் எல்லா நாய்க்கும் அந்த வேட்கை ஒரே அளவில் இருப்பதில்லை. துரத்த ஆர்வமே இல்லாததால் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டவையும் உண்டு. சோதனையை வாய்க்கூடும் கயிறும் போட்ட பிறகே செய்ய வேண்டும். சூடடிக்கும் களத்தில் மாட்டுக்குக் கட்டுவோமே, அதுபோல மூச்சுவிடவும் தண்ணீர் குடிக்கவும் இடம் உள்ள கூடு இது. பந்தய நாய்களுக்கு அது பழக்கமானது என்பதால் பெரும்பாலும் முரண்டு பிடிப்பதில்லை. பூனையைக் கண்ட நாய் காதை நிமிர்த்திப் பார்ப்பது இயல்பு. உடல் விறைத்து, கண் இமைக்காமல், பெயர் சொன்னாலும் திரும்பாமல், மூக்கருகே கோழித்துண்டை நீட்டினாலும் அறியாமல் நின்றால் அந்த நாய்க்குப் பூனை இல்லாத வீடுதான் பொருத்தம். வீட்டுக்குள் பூனையின் பக்கத்திலேயே படுத்துறங்கும் நாய், அதே பூனை தோட்டத்தில் ஓடும்போது துரத்தக்கூடும் என்பதால், உள்ளே கண்டதையும் வெளியே கண்டதையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

மெல்பர்ன் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல், செல்லப்பிராணியாக வளரும் கிரேஹவுண்டுக்குப் பொது இடத்தில் வாய்க்கூடு கட்டாயமில்லை. கயிறு கட்டாயம். அந்தக் கட்டாயத்துக்குக் காரணம் வேகம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய நாய் கையைவிட்டுப் போனால், நாம் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தெருவைக் கடந்திருக்கும். கழுத்தைவிடத் தலை ஒடுங்கியிருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை பின்னுக்கு இழுத்தாலே கழன்றுவிடும். இழுக்கும்போது ஓரளவு மட்டும் இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டையையே பயன்படுத்த வேண்டும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் முதல் நாய் வந்தபோது, பாவம் புதிய இடம் என்று ஒரு வாரம் விடுப்பெடுத்து முழுநேரமும் அதன் பக்கத்திலேயே இருந்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மாலையில் திரும்பியபோது கதவுச்சட்டம் கீறிக் கிழிந்திருந்தது, அடுத்த வீட்டுக்காரர் நாள் முழுதும் ஊளை கேட்டதாகச் சொன்னார். கொட்டிலில் சுவருக்கு அப்பால் எப்போதும் வேறு நாய்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். தனிமை என்பதே அறியாத பிராணிக்கு, ஏழு நாள் இடைவிடாத துணையைக் கொடுத்துவிட்டு எட்டாம் நாள் மொத்தமாகப் பறித்திருக்கிறேன். இப்போது முதல் நாளிலிருந்தே இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், கால்மணி நேரம் என்று வெளியே போய் வருகிறோம். போகும்போதும் வரும்போதும் கொஞ்சல் கிடையாது. எத்தனை மணி நேரம்வரை அமைதியாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறோம்.

இனி மருத்துவராகச் சொல்ல வேண்டியவை. கிரேஹவுண்டின் இரத்தப் பரிசோதனை முடிவை மற்ற நாய்களின் அளவுகோலால் படித்தால் இல்லாத நோயெல்லாம் தெரியும். சிவப்பணுக்களின் விகிதம் மற்ற நாய்களில் 55 விழுக்காட்டைத் தாண்டினால் உடலில் நீர் வற்றியிருக்கிறதோ என்று ஐயுறுவோம். கிரேஹவுண்டுக்கு 60 இயல்பானது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாகவும், சிறுநீரகத்தின் நிலையை அறிய அளக்கும் கிரியாட்டினின் சற்று உயர்ந்தும், தைராய்டு சுரப்பின் அளவு கீழெல்லையிலோ அதற்குக் கீழேயோ இருப்பதும் இந்த இனத்தின் இயல்பே. பணிக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், நலமாக இருந்த ஒரு நாய்க்குத் தைராய்டு மாத்திரை எழுத நான் பேனாவை எடுத்துவிட்டேன். மூத்த சக மருத்துவர் தாளை எட்டிப் பார்த்து, “என்ன இனம்?” என்ற ஒரே கேள்வியில் நிறுத்தினார். ஆகவே நாய் முதலில் எந்த மருத்துவரிடம் போனாலும், அது கிரேஹவுண்ட் என்பதைப் பதிவேட்டின் மேலேயே எழுதச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் இந்த வாரங்களுக்கு முன்போ நடுவிலோதான் கருத்தடை அறுவையும் பல் சுத்தமும் நடக்கின்றன. உடலில் கொழுப்பு குறைவு, சில மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதியின் வேகமும் குறைவு என்பதால், தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்துகளிலிருந்து இவை தெளிய மிக நீண்ட நேரம் ஆகும். இன்று வேறு மருந்துகள் இருப்பதால் அது பெரிய இடர் அன்று. வீட்டில் கவனிக்க வேண்டியது வேறொன்று: அறுவையின்போது எந்தச் சிக்கலும் இல்லாத சில நாய்களுக்கு, ஒன்றரை இரண்டு நாள் கழித்து இரத்தம் கசியத் தொடங்கும். உறைந்த இரத்தம் இவற்றின் உடலில் விரைந்து கரைந்துவிடுவதே காரணம் என்று கருதப்படுகிறது. அதைத் தடுக்க மருந்து உண்டு. மூன்று நாள்வரை காலையும் மாலையும் தையலைச் சுற்றிலும் தொடையின் உட்புறத்திலும் கருநீலத் திட்டு பரவுகிறதா என்று பாருங்கள். பரவினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தோல் காகிதம்போல் மெல்லியது. வேலிக்கம்பியில் லேசாக உரசினாலும் கிழியும். எலும்பு துருத்திய உடலுக்குத் தடித்த மெத்தை வேண்டும். இங்கே குளிர்காலமான ஜூலை மாதக் காலைகளில் மேலாடை வேண்டும் (நாய்க்குச் சட்டையா என்று என் அம்மா தொலைபேசியில் இன்றும் சிரிக்கிறார்). கல்தரையில் மட்டும் நொண்டி, புல்தரையில் சரியாக நடக்கும் நாயின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் கால் ஆணி (தோல் தடித்து இறுகிய கட்டி) இருக்கும். கால் ஆணியே இல்லாமல் தொடர்ந்து நொண்டினால் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். இந்த இனத்தில் எலும்புப் புற்று மற்ற இனங்களைவிட அதிகம்.

இவ்வளவையும் கவனித்துவிட்டு, கடைசியில் ஒப்படைப்புத் தாளில் “அன்பான, அமைதியான நாய்” என்று ஒரு வரி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதைவிடப் பயனற்ற வாக்கியம் வேறில்லை. என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு நாய், உணவுக் கிண்ணத்தருகே யாராவது வந்தால் உறுமும். பராமரித்தவர் நல்லவர். எழுதினால் யாரும் எடுக்க மாட்டார்களே என்று இரக்கப்பட்டு அதை விட்டுவிட்டார். சிறு பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டுக்குப் போன அந்த நாய் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. இப்போது அதன் பதிவில் திருப்பி அனுப்பப்பட்டது என்ற கறையும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது முறை, தனியறையில் உணவு வைத்தால் எந்தச் சிக்கலும் இல்லை என்பதையும் சேர்த்து உள்ளபடியே எழுதினார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்ட ஒரு வயதான தம்பதியர் அதைப் படித்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று கேட்டு அழைத்துப்போனார்கள்.

கரிசல் எங்களிடம் ஆறு வாரம் இருந்தது. அது புறப்பட்ட அன்று நான்கு பக்கக் குறிப்பும், அது தின்றுகொண்டிருந்த அதே உலர்தீவனம் ஒரு வாரத்துக்குரிய அளவும் கொடுத்தனுப்பினோம். தீவனத்தைத் திடீரென மாற்றினால் கழிச்சல் வரும். புதிய வீட்டில் முதல் மூன்று நாள் விருந்தினர் யாரும் வேண்டாம் என்றும், இரவில் சிறுநீருக்கு விடும்போது வேலிக்குள்ளேயே ஆனாலும் கயிற்றில் பிடித்தே விடும்படியும் சொன்னோம். அது படுத்திருந்த போர்வையை என் மனைவி துவைத்து மடித்துக் கொடுக்கப் போனார். துவைக்க வேண்டாம் என்று தடுத்து, முடியும் வாடையுமாக அப்படியே சுருட்டிக் காரின் பின்னிருக்கையில் போட்டோம். கரிசல் அதன்மேல் ஏறி, இரண்டு சுற்று சுற்றிப் படுத்துக்கொண்டது.