ரத்தம் திரும்பி வரும் அந்தச் சில நிமிடங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்க அண்ணனுக்கு மூளைச்சாவு அடைந்த ஒருத்தரோட கிட்னியை வெச்சாங்க. பத்து நாளாச்சு, சிறுநீர் சரியா பிரியல, டயாலிசிஸ் நிக்கல. கண் பட்டுடுச்சுன்னு சொல்றாங்க. ஆபரேஷன் வீணா?"

வீண் இல்லை அம்மா. மாற்றிய முதல் வாரத்திலேயே டயாலிசிஸ் தேவைப்பட்டால் அதைத் தாமதச் செயல்பாடு என்பார்கள். உயிரோடு இருப்பவர் தந்த சிறுநீரகத்தில் இது குறைவு, இறந்தவரிடமிருந்து எடுத்ததில் அதிகம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். நாட்டிலேயே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றம் 1971-ல் நம் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. இந்த ஊர் மருத்துவர்களுக்கு இது பழகிய தொல்லை.

சரி, ஏன் இப்படி ஆகிறது? எடுத்த சிறுநீரகம் ஐஸ் பெட்டியில் காத்திருக்கிறது. ரத்தம் இல்லை, ஆக்சிஜன் இல்லை. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் எரிய வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகிறது. அப்புறம் ரத்தக்குழாயை இணைத்து கிளிப்பை எடுக்கிறார்கள். வெளிறிக் கிடந்த சிறுநீரகம் சிவக்கிறது. பெரிய சேதம் நடப்பது அப்போதுதான்! சேர்ந்த சக்சினேட் முழுக்க சில நிமிடங்களில் எரிகிறது. அதிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் முன்னே போக இடமில்லாமல், மைட்டோகாண்ட்ரியாவில் எலெக்ட்ரான்களைக் கைமாற்றும் சங்கிலியிலேயே பின்னோக்கி ஓடி, ஆக்சிஜன் மேல் ஏறி, கண்டதையும் அரிக்கும் சூப்பர் ஆக்சைடாக மாறுகின்றன. உயிர் கொடுக்க வந்த ஆக்சிஜனே காயப்படுத்துகிறது. 2014-ல் வந்த ஓர் எலி ஆய்வு இதைக் காட்டியது. படித்தபோது சிலிர்த்துப் போனேன்.

அதில் சிறுநீரகத்துக்குள் சிறுநீர் ஓடும் நுண்குழாய்களின் செல்கள் செத்து உதிர்ந்து குழாயை அடைக்கின்றன. பிழைத்த செல்கள் தட்டையாகி, வெறுமையான சுவர்மேல் பரவி, பிரிந்து பெருகி இடத்தை நிரப்புகின்றன. உங்கள் அண்ணனுக்கு இப்போது நடப்பது அநேகமாக இந்த வேலைதான்.

ஆனால் அலட்சியம் கூடாது. செத்த செல்கள் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடுவதால், உடல் புது உறுப்பை நிராகரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அரைகுறையாக ஆறிய இடம் தழும்பாகிறது. அதனால் இப்படித் தொடங்கிய சிறுநீரகங்களின் ஆயுள் சராசரியில் கொஞ்சம் குறைவு.

ஐஸ் பெட்டிக்குப் பதில், சிறுநீரகத்துக்குள் குளிர்ந்த திரவத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும் பம்ப் உண்டு. அது இந்தத் தாமதத்தைக் குறைப்பதை 2009-ல் ஓர் ஐரோப்பிய ஆய்வு நிறுவியது. உறுப்பு மாற்றம் நடக்கும் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் அதை வாங்கித் தர வேண்டும் என்பேன்.

திருஷ்டி சுற்றுவதென்றால் சுற்றிக்கொள்ளுங்கள். ஆனால் யாரோ சொன்ன கஷாயத்தை நம்பி நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகம் வேலை செய்யாதபோது, ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் எப்படியும் ஏறித்தான் இருக்கும். உள்ளே நிராகரிப்பு நடக்கிறதா என்று அந்த அளவை வைத்துச் சொல்ல முடியாது. மருத்துவர் ஊசி போட்டுத் துளி சதை எடுத்து பயாப்சி பார்க்கச் சொன்னால் அதற்காகத்தான், தயங்காமல் சம்மதியுங்கள்.