கம்பனிலீஸ்மோ: மணிக்கோபுரத்தில் பிறந்த ஊர்ச்செருக்கு

இத்தாலியர்கள் இருவர், அதுவும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், சாப்பாட்டைப் பற்றியோ கால்பந்தைப் பற்றியோ இணையத்தில் முட்டிக்கொண்டால், அந்தச் சண்டைக்கென்றே அவர்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது: கம்பனிலீஸ்மோ. சொந்த ஊரின் மேல் அளவு மீறிய பற்று, அதோடு ஒட்டிப் பிறந்த பக்கத்து ஊர் இளக்காரம், இரண்டும் சேர்ந்ததுதான் இதன் பொருள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்தால் சொல் பாதியாகிவிடும். தமிழில் இதைச் சரியாகச் சொல்வது கொஞ்சம் கடினமாக இருப்பதும் அதனால்தான்.

முதலில் வேர். இத்தாலிய மொழியில் 'கம்பானா' என்றால் மணி. நேப்பிள்ஸ் நகரைச் சுற்றியுள்ள கம்பானியா நிலப்பகுதியின் வெண்கலம் பழைய ரோமானியர் காலத்தில் பேர் பெற்றது. அந்த நிலத்தின் பெயரே பிற்கால லத்தீனில் மணிக்கும் ஆகிவந்தது. மணி தொங்கும் தேவாலயக் கோபுரம் 'கம்பனீலே'. அதோடு நம் 'வாதம்', 'இயம்' போன்ற 'இஸ்மோ' ஈறு சேர்ந்ததும் கம்பனிலீஸ்மோ பிறந்தது. அப்படிப்பட்ட ஆள் ஆணோ பெண்ணோ, 'கம்பனிலீஸ்தா'.

கோட்டை, ஆறு, சந்தை என்று எத்தனையோ இருக்க, ஊர்ப்பற்றுக்கு ஏன் மணிக்கோபுரம் பெயர் கொடுத்தது? கடிகாரம் வீட்டுக்கு வராத காலத்தில் ஊரின் நாளை அந்த மணிதான் நடத்தியது. வழிபாட்டுக்கு, சாவுக்கு, தீ பிடித்தால், எதிரி வந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதமாக அடிப்பார்கள். அந்த ஒலி கேட்கும் தூரம்வரை நம் ஊர், கேட்காத இடத்தில் அந்நியம் ஆரம்பம். வயலிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் முதலில் தெரிவதும் அந்தக் கோபுரம்தான்.

இந்த உணர்வு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இத்தாலிய மானுடவியலாளர் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். தெற்கே கலாப்ரியாவில் காரில் போகும்போது வழி தெரியாமல், ஒரு கிழவரான ஆட்டிடையரை வழிகாட்டுவதற்கு வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் கிழவருக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. திரும்பித் திரும்பி ஜன்னல் வழியே எதையோ தேடுகிறார். அவருடைய ஊரான மார்ச்செல்லினாராவின் மணிக்கோபுரம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது, அவ்வளவுதான். வண்டியைத் திருப்பிக்கொண்டுவந்து, கோபுரம் மறுபடி தெரிந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. தெ மார்த்தினோ இதைக் கேலியாகச் சொல்லவில்லை. உலகமே கையைவிட்டுப் போவது போன்ற அச்சத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். எனக்கு இந்தச் சொல்லின் நல்ல பாதி முழுவதும் அந்தக் கிழவரின் பதற்றத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

இன்னொரு பாதியைப் பார்க்க வேண்டுமானால் பீசாவுக்கும் லிவோர்னோவுக்கும் போக வேண்டும். டஸ்கனிக் கடற்கரையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு நகரங்கள். பீசா பழைய கடல் வல்லரசு. 1284இல் மெலோரியா கடற்போரில் ஜெனோவாவிடம் தோற்றது. 'பீசாவைப் பார்க்க வேண்டுமா, ஜெனோவாவுக்குப் போ' என்று சொல்லும் அளவுக்கு அதன் ஆட்கள் அங்கே சிறைப்பட்டார்கள். துறைமுகம் மணல் மேவித் தூர்ந்துகொண்டே வந்தது. 1406இல் நகரமே பிளாரன்சின் கைக்குப் போனது. அதே பிளாரன்ஸ் 1421இல் லிவோர்னோவை ஜெனோவாவிடமிருந்து விலைக்கு வாங்கியது. பிறகு பிளாரன்சை ஆண்ட மெதிச்சி குடும்பத்தார் அதைப் பெரிய துறைமுகமாக்கினார்கள். 1590களில் யூதர்களுக்கும் பல நாட்டு வணிகர்களுக்கும் குடியேற்ற உரிமைகள் கொடுத்து அழைத்தார்கள். பீசாக்காரர் கண்ணில் லிவோர்னோ நேற்று முளைத்த ஊர். லிவோர்னோக்காரர் கண்ணில் பீசா பழம்பெருமை பேசிக்கொண்டு சாய்ந்து நிற்கும் ஊர்.

லிவோர்னோவில் ஒரு பழமொழி: 'வாசலில் ஒரு பீசாக்காரன் நிற்பதைவிட வீட்டில் ஒரு சாவு விழுவது மேல்.' ஒரு காலத்தில் பீசாக்காரர்கள் வரி வசூலிக்க வந்ததால் இது பிறந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. பீசாக்காரர் வைத்திருக்கும் பதில் இன்னும் கூர்மை: 'கடவுள் உன் ஆசையை நிறைவேற்றட்டும்.' லிவோர்னோவின் 'இல் வெர்னாகொலியேரே' என்ற நையாண்டி இதழ், பீசாவை வம்புக்கு இழுக்கும் தலைப்புகளுக்காகவே இத்தாலி முழுதும் தெரிந்த பெயர். பீசாவைத் திட்டி அந்த ஊர்ச் சுவர்களில் எழுதப்படும் இரண்டு சொல் வசை ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதக் கை கூசுகிறது.

பீசாவைத் திட்டியவர்களில் முதல் பெயர் தாந்தே. 1302இல் பிளாரன்சிலிருந்து நாடு கடத்தப்பட்ட அந்தக் கவிஞர், தம் 'திவீனா கொம்மேதியா' காவியத்தில் நரகத்தைப் பாடும் பகுதியின் 33ஆம் காண்டத்தில், கப்ராயா, கோர்கோனா தீவுகள் இரண்டும் நகர்ந்து வந்து ஆர்னோ ஆற்றின் முகத்துவாரத்தை அடைக்கட்டும், பீசாவில் ஒருவர் விடாமல் மூழ்கட்டும் என்று சாபம் கொடுக்கிறார். உகொலினோ என்ற பிரபுவோடு அவருடைய பிள்ளைகளையும் கோபுரத்தில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற ஊர் என்ற கோபம் அது. அதே நூலில் ஜெனோவாவுக்கும் பிஸ்தோயாவுக்கும் பங்கு உண்டு. தம் சொந்த ஊரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் பிளாரன்சைத் திட்டும் வரிகளில் வலி கேட்கிறது, பீசாவைத் திட்டும் வரிகளில் அது இல்லை.

இத்தாலியில் இது இவ்வளவு முற்றியதற்குக் காரணம் வரலாறு. இத்தாலி ஒரே நாடாக ஆனது 1861இல்தான். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஊர்தான் அரசு, ஊர்தான் படை, ஊர்தான் நாணயம். போருக்குப் போகும்போது ஊர்க்கொடியை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று படையோடு போகும், பெயர் 'கர்ரோச்சோ'. அது எதிரி கையில் சிக்கினால் ஊருக்கே மானக்கேடு. 1260 செப்டம்பர் 4 அன்று மொந்தப்பெர்த்தியில் சியெனா பிளாரன்சை முறியடித்தபோது அப்படித்தான் நடந்தது. அந்த வண்டியின் கொடிமரங்கள் என்று சொல்லி இரண்டு மரங்களைச் சியெனா பேராலயத்தில் இன்றும் காட்டுகிறார்கள். அதே சியெனா 1339இல் தன் பேராலயத்தை உலகமே வியக்கும்படி பெரிதாக்கப் புறப்பட்டது. 1348இல் வந்த கொள்ளைநோய் அந்த வேலையை நிறுத்திவிட்டது. கட்டி முடியாத அந்தப் பெரிய சுவர் இன்னும் நிற்கிறது, மேலே ஏறி ஊரைப் பார்க்கலாம்.

மொடெனாவுக்கும் பொலோனியாவுக்கும் நடுவே ஒரு மரவாளி. 1325 நவம்பரில் சப்பொலினோ என்ற இடத்தில் மொடெனா வென்றது. பொலோனியாவின் வாசல்வரை போய், ஒரு கிணற்று வாளியை வெற்றிச் சின்னமாகத் தூக்கிக்கொண்டு வந்தது. வாளிக்காகத்தான் போரே நடந்தது என்ற கதை பின்னால் பரவியது. மொடெனாவில் பிறந்த தஸ்ஸோனி 17ஆம் நூற்றாண்டில் எழுதிய அங்கதக் காவியம் அதற்கு முக்கியக் காரணம். வாளி மொடெனாவில்தான் இருக்கிறது, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த இரண்டு ஊரும் தொர்த்தெல்லினி என்ற உணவு யாருடையது என்றும் சண்டை போடுகின்றன. 1974இல் பொலோனியா தன் செய்முறையை வணிகக் கழகத்தில் முறைப்படி பதிவே செய்துவைத்தது. திண்டுக்கல் பிரியாணியா ஆம்பூர் பிரியாணியா என்று நள்ளிரவு தாண்டியும் இணையத்தில் வாதாடுகிறவர்களுக்கு இந்தப் பதிவின் அருமை புரியும்.

வடகிழக்கே போனால் எதுகையோடு ஒரு வசைப்பாட்டு கிடைக்கும்: வெனிஸ்காரர் பெரிய பிரபுக்கள், பதுவாக்காரர் பெரிய பண்டிதர்கள், விச்செந்சாக்காரர் பூனைதின்னிகள், வெரோனாக்காரர் எல்லாருமே பைத்தியங்கள். பதுவாவின் பண்டிதப் பட்டத்துக்குக் காரணம் 1222 முதல் அங்கிருக்கும் பல்கலைக்கழகம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சண்டை. அரசு நிர்வாகத்துக்குள் நுழையும்போதுதான் இந்தச் சொல்லின் எடை தெரிகிறது. 2004இல் புலியா நிலப்பகுதியில் ஒரு புது மாகாணம் அமைத்தார்கள். தலைநகர் எது? பர்லெத்தா, அந்திரியா, திரானி மூன்றில் எதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மாகாணத்தின் பெயரே பர்லெத்தா-அந்திரியா-திரானி, தலைநகர் மூன்று. 1994இல் வண்டி எண் பலகையிலிருந்து மாகாண எழுத்துகளை எடுத்தார்கள். ஊர் தெரியாத பலகை யாருக்கும் பிடிக்கவில்லை, 1999இல் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்று அவை திரும்பி வந்தன. 2012இல் செலவைக் குறைக்க மாகாணங்களை இணைக்கும் திட்டம் வந்தபோது பீசாவையும் லிவோர்னோவையும் ஒரே மாகாணத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு ஊரிலும் கொதித்தார்கள். அந்தத் திட்டம் கடைசியில் சட்டமாகவில்லை.

1970இல் கலாப்ரியாவில் நடந்ததை இந்த வரிசையில் வைக்கவே மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். புதிய நிலப்பகுதித் தலைநகராகக் கதன்சாரோ அறிவிக்கப்பட்டதும் ரெஜ்ஜோ கலாப்ரியா கிளர்ந்து எழுந்தது. ஜூலையில் தொடங்கிய கலவரம் அடுத்த ஆண்டு பிப்ரவரிவரை நீண்டது. உயிர்கள் போயின, தெருவில் ராணுவ வண்டிகள் இறங்கின. வேலையில்லாமையும் வறுமையும் அதற்கு விறகாக இருந்தன; தீவிர வலதுசாரிகள் அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் நிர்வாகம் கதன்சாரோவுக்கு, பேரவை ரெஜ்ஜோவுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஊர்ப் பெருமை எப்போதும் வேடிக்கைதான் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் நினைவுபடுத்துவேன்.

மற்ற ஐரோப்பிய மொழிகளும் இதே கோபுரத்தைப் பிடித்திருக்கின்றன. பிரெஞ்சில் 'எஸ்ப்ரி த குளோஷே', மணிக்கோபுர மனம். ஜெர்மனில் 'கிர்ஷ்தூர்ம்பொலிதீக்', தேவாலயக் கோபுர அரசியல்; இதில் அன்பு இல்லை, கோபுரத்துக்கு அப்பால் பார்க்கத் தெரியாத குறுகலைச் சாடும் சொல் அது.

சரி, தமிழில்? 'வட்டாரவாதம்', 'பிராந்தியவாதம்' இரண்டும் பொருந்தாது. அளவே வேறு. கம்பனிலீஸ்மோ வட்டாரத்துக்குள்ளேயே நடக்கும் சண்டை. பீசாவும் லிவோர்னோவும் ஒரே டஸ்கனிதானே. 'குறுகிய மனப்பான்மை' என்று எழுதினால் மார்ச்செல்லினாராக் கிழவருக்குச் செய்யும் அநியாயம். 'மணிக்கூண்டுவாதம்' என்று நேராக மொழிபெயர்க்கலாம் என்றால், நம் ஊர் மணிக்கூண்டு பெரும்பாலும் கடைத்தெருவில் நிற்கும் கடிகாரம்; அதன் மேல் யாருக்கும் அப்படி உயிர் கிடையாது.

கோபுரத்தின் மேல் உண்டு. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமா, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரமா என்ற வாதம் இன்றும் ஓயாமல் வருகிறது. இதைவிட நேரான கம்பனிலீஸ்மோ இத்தாலியிலேயே கிடைப்பது அரிது. ஆனாலும் 'கோபுரப்பற்று' என்றால் படிப்பவர் பக்தி என்று எடுத்துக்கொள்வார். அதையும் விட்டுவிடலாம்.

'ஊர்ப்பற்று' நல்ல சொல், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ஆனால் அதில் பக்கத்து ஊர் இல்லை. பக்கத்து ஊரை இடிக்காத ஊர்ப் பெருமை நம் பழம்பாட்டிலேயே குறைவுதான். பரிபாடலின் ஒரு பகுதி மதுரையைத் தாமரைப் பூவாக உவமித்துப் பாடிக்கொண்டே வருகிறது. தெரு இதழ், அரண்மனை நடுப் பொகுட்டு, மக்கள் மகரந்தம். இவ்வளவும் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை: 'வஞ்சியும் கோழியும் போலக் கோழியின் எழாது எம் பேரூர் துயிலே' என்கிறது. கோழி என்பது உறையூரின் இன்னொரு பெயர். சேரன் தலைநகரும் சோழன் தலைநகரும் சேவல் கூவி எழும் ஊர்கள், எங்கள் ஊர் மறை ஓதும் குரல் கேட்டு எழும் ஊர் என்று ஒரு குத்து. நடுவே 'வாழிய' என்று வாழ்த்தும் போட்டிருக்கிறார் புலவர். அந்த 'எம் பேரூர்' என்ற இரண்டு சொல்லில் கம்பனிலீஸ்மோ முழுவதும் இருக்கிறது.

நான் முன்வைக்கும் சொல் 'ஊர்ச்செருக்கு'. செருக்கு என்றால் அகந்தை என்பது எல்லாருக்கும் தெரியும். களிப்பு, மயக்கம் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. அடுத்தவரைத் தாழ்த்தும் அகந்தையும் தன்னூரில் திளைக்கும் களிப்பும் ஒரே சொல்லில் அமர்ந்திருப்பது இங்கே வசதி. 'ஊர்வெறி' என்பதைக் கலாப்ரியாவில் நடந்ததைப் போன்றவற்றுக்கு மட்டும் ஒதுக்கிவைக்கலாம். நண்பர்கள் அல்வாவுக்கும் பரோட்டாவுக்கும் போடும் சண்டைக்கு அந்தச் சொல்லை வீசுவது தவறு.

வாக்கியத்தில் இப்படி வரும்: 'மூன்று தலைநகர் வைத்துக்கொண்டதற்கு ஊர்ச்செருக்குதான் காரணம்.' கம்பனிலீஸ்தாவை 'ஊர்ச்செருக்கர்' எனலாம்; பேச்சில் 'ஊர்ப்பெருமைக்காரர்' இன்னும் இயல்பாக வரும். இத்தாலிய மொழியில் 'மணிக்கோபுரக் காதல்' என்ற ஒரு தொடரும் உண்டு. பகை கலக்காத அந்த இடத்தில் மட்டும் 'ஊர்ப்பற்று' என்றே எழுதுங்கள். இத்தாலியைப் பற்றிய கட்டுரையானால் முதல் தடவை கம்பனிலீஸ்மோ என்று எழுதிப் பொருளைச் சொல்லிவிட்டு, அப்புறம் தமிழ்ச் சொல்லிலேயே போய்விடலாம்.