தேர்டு பார்ட்டி: யார் அந்த மூன்றாம் ஆள்?

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. போக்குவரத்துக் காவலர் கேட்டால் நீட்ட வேண்டியவை இவை. இவற்றில் இன்சூரன்ஸை மட்டும் பலர் என்னவென்று தெரியாமலே வைத்திருக்கிறார்கள். 'தேர்டு பார்ட்டி இருக்கு சார்' என்பார்கள். தங்களுக்கே ஏதோ பாதுகாப்பு என்ற நினைப்பு.

'பார்ட்டி' லத்தீனில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்டத்துக்குள் வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தவர் என்று பொருள். பாலிசியும் ஒப்பந்தம்தான். வண்டிக்காரர் முதல் தரப்பு, கம்பெனி இரண்டாம் தரப்பு. எதிலும் கையெழுத்துப் போடாமல் உங்கள் வண்டியில் அடிபடுகிறாரே, அவர்தான் மூன்றாம் தரப்பு.

பைக் போய் யாரோ ஒருவரின் காம்பவுண்டு சுவரில் மோதுகிறது. சுவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கம்பெனி தரும். உடைந்த ஹெட்லைட்டுக்குச் சல்லிக்காசு வராது. பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி? சட்டம் கட்டாயமாக்கிய பாலிசி மட்டும் இருந்தால் அவருக்கும் இழப்பீடு இல்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இது தெரியாமல் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகிறோம்.

இந்தியாவில் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயமானது 1946 ஜூலையில். இன்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு. இல்லாமல் முதல் முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மூன்றாம் நபர் காப்பீடு', 'மூன்றாம் தரப்புக் காப்பீடு' இரண்டும் புழக்கத்தில் உண்டு. தனித்தமிழ் பார்ப்பவர்களுக்கு இரண்டுமே உதவாது. நபரும் தரப்பும் அரபியிலிருந்து உருது வழியாக வந்தவை. என் ஓட்டு தரப்புக்கே. சுவரை நபர் என்று எப்படிச் சொல்வது? 'காப்பீடு' நல்ல கட்டுமானம்: காப்பு, ஈடு இரண்டும் அதில் இருக்கின்றன. பேச்சில் விளக்க 'மூணாம் மனுஷன்' போதும். குடும்ப விஷயத்தில் தலையிடும் வெளியாளை அப்படித்தானே சொல்கிறோம்?

இதற்கு எதிர்ச்சொல்லாகப் பேச்சில் வழங்குவது 'பர்ஸ்ட் பார்ட்டி'. சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்த பாலிசிக்கு 'முழுக் காப்பீடு' என்பதே பொருந்தும். உங்களிடம் இருப்பது எது என்று பார்க்க, பாலிசியில் பிரீமியக் கட்டத்தைப் பாருங்கள். 'ஓ.டி.' (ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டியின் சேதம்) என்ற இடத்தில் தொகை இல்லையென்றால், ரிப்பேர் செலவு உங்கள் தலையில்தான்.